பந்தயத்துக்கு முன்னர் வரும் தீர்ப்பு

வருவது இன்னதென்று முன்னரே கூறிவிட வேண்டும் என்னும் ஆசை மக்கள் உள்ளத்தில் மிகப் பழமையானது. மேற்கே கருக்கும் வானத்தை நோக்கி மழையை அளக்கும் உழவனும், பரீக்ஷைக்கு முந்திய இரவில் இன்ன கேள்விதான் வரும் என்று தோழர்க்கு உறுதி கூறும் மாணவனும் இவ்வாசைக்கு ஆட்பட்டவரே. உழவன் கணிப்புப் பிழைத்தால் அவன் வயல் வாடும். மாணவன் கணிப்புப் பிழைத்தால் தோழர் முகம் வாடும். விளையாட்டு அபிமானியின் கணிப்புப் பிழைத்தாலோ எவர்க்கும் யாதொரு நஷ்டமும் இல்லை என்று பலர் எண்ணுவர். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை 2025-ஆம் ஆண்டில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பந்தயங்கள் எனக்குக் கற்பித்தன. கற்றதை நம் கல்லூரி அன்பர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கர் 'புட்பால்' என்று வழங்குவது நம் மைதானத்தில் மாலைதோறும் ஆடப்பெறும் கால்பந்து அன்று. அவர்தம் பந்து இருமுனையும் கூர்த்த முட்டை வடிவினது. காலினும் கையே அதனை மிகுதியும் ஆள்வது. பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். பந்தையுடைய கோஷ்டியார் நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேறுவாராயின் மீண்டும் நான்கு முயற்சி பெறுவர். முன்னேறாராயின் பந்து எதிரிக்கு உரியதாகும். எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்ப்பின் ஆறு புள்ளிகள் கிட்டும். கல்லூரிகள் தம்முள் இவ்வாட்டத்தை ஆடத் தொடங்கியது 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் எதிர்நின்ற போது என்பது அந்நாட்டார் வழக்கு. இன்று அது கல்லூரி விளையாட்டு என்னும் அளவைக் கடந்து, ஓரிலக்ஷம் மக்கள் ஒரே மைதானத்தில் கூடும் திருவிழாவாக வளர்ந்திருக்கின்றது.

அங்குள்ள சர்வகலாசாலைகள் 'கான்பரன்ஸ்' என்னும் சங்கங்களாகப் பிரிந்து ஆடுகின்றன. அவற்றுள் பழமை மிக்கது 1896-ஆம் ஆண்டில் ஏழு சர்வகலாசாலைகள் கூடி அமைத்த சங்கம். சிகாகோ, இல்லினாய், மிஷிகன், மின்னஸோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்ஸின் என்பன அவ்வேழு. 1899-இல் இந்தியானாவும் அயோவாவும், 1912-இல் ஒஹையோ ஸ்டேட்டும் சேர்ந்தன. நாளடைவில் அதற்கு 'பிக் டென்', அதாவது 'பெரிய பத்து' என்னும் பெயர் நிலைத்தது. 2024-ஆம் ஆண்டு முதல் அதன் உறுப்பினர் பதினெண்மர். கிழக்கே அட்லாண்டிக் கரையோரத்து ரட்கர்ஸ் முதல் மேற்கே பசிபிக் கரையோரத்துக் கலிபோர்னியக் கோஷ்டிகள் வரை அதனுள் அடக்கம். எண்ணிக்கை மாறியும் பெயர் மாறவில்லை. பெயரை நம்பி எண்ணிக்கையைக் கணித்தவன் தவறுவான் என்பதற்கு இச்சங்கத்தின் பெயரே முதற் சான்றாகும்.

ஆகஸ்டு மாதம் பிறந்ததும் இச்சங்கத்தின் அபிமானிகட்கு ஒரு காய்ச்சல் பிறக்கும். முதற் பந்தயம் நடப்பதற்கு முன்னரே, எக்கோஷ்டி முதலிடம் பெறும், எது கடையில் நிற்கும் என்று பட்டியல் எழுதாதவர் அரியர். அசோஷியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிலையம் 1936 முதல் பத்திரிகை எழுத்தாளர்களின் வாக்கைப் பெற்று வாரந்தோறும் தேசத்துக் கோஷ்டிகளை வரிசைப்படுத்தி வருகின்றது. 1950 முதல் ஆட்டம் தொடங்குமுன்னரும் அவ்வாறு ஒரு வரிசையை வெளியிடுகின்றது. பெரியோர் செய்வதைச் சிறியோரும் செய்வர் அன்றோ? அவ்வாட்டங்களை நம் நாட்டு ஞாயிறு விடியற்காலையில் கண்விழித்துக் காணும் யானும், ஆண்டுதோறும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் என் பட்டியலை எழுதி வைப்பது வழக்கம். பென்ஸிலால் எழுதுவதில்லை, மையால் எழுதுவேன். பின்னர் அழிக்க இயலாதிருத்தற் பொருட்டே அவ்விரதம்.

2025-ஆம் ஆண்டுக்கு யான் எழுதிய பட்டியல் இது: முதலிடம் பென் ஸ்டேட்; இரண்டாவது ஒஹையோ ஸ்டேட்; மூன்றாவது ஆரெகன்; நான்காவது மிஷிகன்; ஐந்தாவது இல்லினாய்; ஆறாவது இந்தியானா. ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதியிருந்தேன். பென் ஸ்டேட் முந்திய ஆண்டு தேசியப் போட்டியின் அரையிறுதிவரை சென்றது. பழகிய ஆட்டக்காரர் பலர் மீண்டும் வந்திருந்தனர். ஒஹையோ ஸ்டேட் 2025 ஜனவரியில் தேசியப் பட்டம் வென்றதாயினும், வென்றோருட் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டனர். ஆரெகன் 2024-இல் இச்சங்கத்தின் பட்டம் பெற்றது. மிஷிகன் 2023-இல் ஒரு பந்தயமும் தோலாது தேசியப் பட்டம் கொண்டது. இல்லினாய் 2024-இல் பத்துப் பந்தயம் வென்றது. ஐந்துக்கும் காரணம் எழுதி முடித்து ஆறாவதற்கு வந்தபோது, 'இந்தியானா: சென்ற ஆண்டு எளிய எதிரிகளைக் கண்டது, பெரிய பந்தயம் இரண்டிலும் தோற்றது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

அவ்வரி பொய்யன்று. 2024-இல் இந்தியானா ஒஹையோ ஸ்டேட்டிடம் 38-15 என்றும், தேசியப் போட்டியின் முதற் சுற்றில் நோட்டர் டேமிடம் 27-17 என்றும் தோற்றதுண்டு. ஆயினும் எழுதாது விட்டது ஒன்றுண்டு. அவ்வாண்டில் அது தோற்றது அவ்விரண்டில் மட்டுமே. மற்றப் பதினொன்றிலும் வென்றது. அவ்வாண்டு தொடங்குமுன் பத்திரிகையாளர் அதனைச் சங்கத்தின் பதினெட்டுக் கோஷ்டிகளுள் பதினேழாவதாக வைத்திருந்தனர். அவர்களைப் பார்த்து நகைத்த யானே அடுத்த ஆண்டு அதனை ஆறாவதாக வைத்தேன். ஏன்? உள்ளத்தை உசாவிப் பார்க்கின், இந்தியானா என்ற பெயரே காரணம் என்பது விளங்குகின்றது. 1899 முதல் இச்சங்கத்தில் இருந்தும், அதுவரை 1945-இலும் 1967-இலும் ஆக இரண்டே முறை பட்டம் பெற்றது. அவற்றுள் இரண்டாவது வேறிரு கோஷ்டிகளோடு பகிர்ந்து கொண்டது. அதன் தோல்விகளின் எண்ணிக்கை எழுநூற்றைக் கடந்திருந்தது. இத்தகைய குடிப்பிறப்பு உடையது முதலிடம் பெறுமா என்னும் ஐயமே என் பேனாவைப் பிடித்து நடத்தியது.

இனி நடந்ததைச் சொல்லுவேன். நாட்டின் வரிசையில் இரண்டாவதாக வைக்கப்பட்ட பென் ஸ்டேட், செப்டம்பர் இறுதியில் ஆரெகனிடம் 30-24 என்று தோற்றது. அது பெருந் தோல்வியன்று. அடுத்த வாரம், அவ்வாண்டில் அதுவரை ஒரு பந்தயமும் வெல்லாத லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்துக் கலிபோர்னியக் கோஷ்டியிடம் 42-37 என்று தோற்றது. அதற்கடுத்த வாரம் தன் சொந்த மைதானத்தில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21 என்று தோற்றது. மறுநாளே அதன் பயிற்சியாளர் விலக்கப்பட்டார். யான் முதலிடம் தந்த கோஷ்டியின் கதை அக்டோபர் நடுப்பகுதிக்குள் முடிந்தது.

இந்தியானாவோ, யான் ஐந்தாமிடம் தந்த இல்லினாயை 63-10 என்று வென்றது. மூன்றாமிடம் தந்த ஆரெகனை அதன் ஊருக்கே சென்று 30-20 என்று வென்றது. முதலிடம் தந்த பென் ஸ்டேட்டை, தோல்வி வாயிலில் நின்ற கடைசி நிமிஷத்தில் 27-24 என்று வென்றது. டிசம்பர் 6-ஆம் நாள் சங்கத்தின் இறுதிப் பந்தயத்தில், யான் இரண்டாமிடம் தந்த ஒஹையோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றது. என் பட்டியலில் தனக்கு மேலிருந்தவருள், தான் சந்தித்தவர் அனைவரையும் ஒருவர் பின் ஒருவராக இறக்கிவிட்டு அக்கோஷ்டி ஏறிச் சென்றது. 2026 ஜனவரி 19-ஆம் நாள் மயாமியை 27-21 என்று வென்று, பதினாறு பந்தயங்களில் ஒன்றும் தோலாது தேசியப் பட்டமும் கொண்டது.

இவ்வெற்றிக்குத் தலைமை தாங்கியவர் இருவர். ஒருவர் பயிற்சியாளர் கர்ட் ஸிக்னெட்டி. 2023-இல் மூன்றே பந்தயம் வென்றிருந்த கோஷ்டியை அவ்வாண்டின் இறுதியில் அவர் ஏற்றார். ஜேம்ஸ் மாடிஸன் என்னும் சிறிய சர்வகலாசாலையிலிருந்து தம் ஆட்டக்காரர் பலரையும் உடனழைத்து வந்தார். மற்றவர் பெர்னாண்டோ மெண்டோஸா. பள்ளிப் பருவத்தில் பெருங் கோஷ்டிகள் அவரை நாடவில்லை. யேல் சர்வகலாசாலைக்குச் செல்ல இசைந்திருந்தவர், பின்னர் கலிபோர்னியா சென்று, அங்கிருந்து இந்தியானா வந்தவர். அவரே 2025-இன் சிறந்த ஆட்டக்காரர்க்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றார். இறுதிப் பந்தயத்தில், தாம் படித்து வளர்ந்த மயாமி நகர்ப்புறத்து மைதானத்திலேயே, நான்காம் முயற்சியில் பந்தைத் தாமே ஏந்தி ஓடி எல்லை கடந்தார். பதினேழு வயதுச் சிறுவர்க்கு நக்ஷத்திரங்கள் இட்டுத் தரம் பிரிக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. அந்நக்ஷத்திரங்களை எண்ணியவர் எவரும் இவரைக் கண்டுகொள்ளவில்லை.

'ஒருமுறை நடந்த அதிசயத்தைக் கொண்டு கணிப்பவரையெல்லாம் பழிக்கலாமா?' என்று அன்பர் வினவக்கூடும். ஒருமுறையன்று. 1995-இல் இதே சங்கத்தின் நார்த்வெஸ்டர்ன் பட்டம் வென்றது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 பந்தயம் தோற்ற கோஷ்டி அது. 2007 செப்டம்பர் முதல் நாள், தேசத்தின் வரிசையில் ஐந்தாவதாக நின்ற மிஷிகன் தன் சொந்த மைதானத்தில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. ஆனைக்கும் அடி சறுக்கும். அன்றியும், இச்சங்கத்தை அமைத்த எழுவருள் ஒன்றாகிய சிகாகோவின் ஆட்டக்காரரே 1935-இல் ஹைஸ்மன் பரிசை முதன் முதல் பெற்றார். நான்கே ஆண்டில், 1939-இல், அச்சர்வகலாசாலை இவ்வாட்டத்தையே கைவிட்டது. அதனை 1935-இல் எவர் கணித்திருப்பார்?

கணிப்பவர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் தகாது. 2025-இல் எழுத்தாளர்கள் ஒஹையோ ஸ்டேட்டை மூன்றாவதாகவும் ஆரெகனை ஏழாவதாகவும் வைத்தனர். இறுதிப் பந்தயம் வரை ஒஹையோ ஸ்டேட் ஒன்றும் தோற்கவில்லை. ஆரெகன் சங்கப் பந்தயங்களில் இந்தியானாவிடம் மட்டுமே தோற்றது. ஆகவே கணிப்பு முழுதும் குருட்டாட்டம் அன்று. செல்வமும், பயிற்சிச் சாலையும், பெயரும் உடைய கோஷ்டி நல்ல ஆட்டக்காரரை ஈர்ப்பது இயல்பே. ஆனால் அக்காரணத்தின் வலிமை முன்போல் இல்லை. ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்லும் ஆட்டக்காரன் ஓராண்டு ஆடாது காத்திருக்க வேண்டும் என்னும் விதி 2021-இல் தளர்ந்தது. அவ்வாண்டே ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டும் உரிமை பெற்றனர். 2025 ஜூலை முதல் சர்வகலாசாலைகளே அவர்க்கு நேராகப் பொருள் தரலாயின. இதனால் நான்காண்டு வளர்த்தாலன்றி ஆகாத கோஷ்டியை ஓராண்டில் ஆக்கவும் முடியும். ஓராண்டில் அழிக்கவும் முடியும். மேலும், பதினெண்மர் உள்ள சங்கத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் தன் சங்கத்தாருள் ஒன்பதின்மரையே சந்திக்கின்றது. ஒருவர்க்கு எளிய ஒன்பது. மற்றொருவர்க்குக் கடிய ஒன்பது. பழைய ஆண்டின் கணக்கைக் கொண்டு புதிய ஆண்டை அளப்போன், சென்ற வருஷத்து ஆற்று வெள்ளத்தில் இவ்வருஷத்து ஓடத்தை விடுவோனை ஒப்பான்.

இவ்வளவும் நகைத்து மறக்கத் தக்க பிழையாயின் யான் இக்கட்டுரை எழுதியிரேன். அபிமானியின் கணிப்பு அவன் புத்தகத்தில் உறங்கும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் பத்திரிகையில் வெளிவரும் முதல் வரிசை உறங்குவதில்லை. அது தீர்ப்பின் உள்ளே புகுந்து அமர்கின்றது. 2004-ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியா முதலாவதாகவும், ஒக்லஹோமா இரண்டாவதாகவும், தென்கிழக்குச் சங்கத்தைச் சேர்ந்த ஆபர்ன் பதினேழாவதாகவும் வைக்கப்பட்டன. மூன்றும் ஒரு பந்தயமும் தோலாது முறையான பந்தயங்களை முடித்தன. தேசியப் பட்டத்துக்கு ஆட இருவர்க்கே இடம் இருந்தது. வரிசையும் வாக்குமே அவ்விடத்தைப் பெரிதும் தீர்மானித்தன. முதலில் நின்ற இருவரும் தோலாமையால் கீழிறங்கவில்லை. கீழே தொடங்கிய ஆபர்னுக்கு ஏறப் படியில்லை. ஆடியவர் மூவரும் குற்றமற்றவர். ஆயினும் ஆகஸ்டு மாதத்தில், ஒருவரும் பந்தைத் தொடாத நாளில் எழுதிய ஓர் எண், டிசம்பர் மாதத்தில் பன்னிரண்டு வெற்றி பெற்ற இளைஞரின் வாயிலை அடைத்தது. ஒக்லஹோமா அவ்விறுதிப் பந்தயத்தில் 55-19 என்று தோற்றது என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

2017-இல் நடு ப்ளோரிடா சர்வகலாசாலைக்கு நேர்ந்ததும் இதனைப் போன்றதே. அவ்வாண்டு முழுதும் அது தோற்கவில்லை. அப்போது தேசியப் போட்டிக்கு நால்வரைத் தெரிந்தெடுக்கும் குழு ஒன்று இருந்தும், சிறிய சங்கத்தைச் சேர்ந்தது என்னும் பெயரால் அதற்கு இடமின்றிப் போயிற்று. இந்தியானாவின் நற்பேறு, அது எழுந்த காலம் வேறாயிருந்தமை. 2024 முதல் பன்னிரு கோஷ்டிகள் தேசியப் போட்டியில் ஆடுகின்றன. பதினேழாவது என்று கணிக்கப்பட்டதும், வென்றால், வாயிலுள் நுழைய இயலும். 2024-இல் அது அவ்வாறே நுழைந்தது. தோற்றதாயினும் நுழைந்து கற்றது. அடுத்த ஆண்டு வென்றது. பழைய ஏற்பாடாயின் 2024-இல் அதற்கு அவ்வாயில் திறந்திராது.

ஆதலின் என் கருத்து இது. கணிப்பை ஒழிக்க வேண்டுவதில்லை. அஃது அபிமானியின் இன்பம். ஆனால் பொதுமக்கள் நம்பும் வரிசையை வெளியிடுவோர், ஒவ்வொரு கோஷ்டியும் ஐந்து பந்தயமேனும் ஆடிய பின்னரே வெளியிடுதல் வேண்டும். தேசியப் போட்டிக்குக் கோஷ்டிகளைத் தெரிந்தெடுக்கும் குழு தன் முதல் வரிசையை ஆட்டங்கள் தொடங்கிச் சுமார் இரண்டு மாதம் சென்ற பின்னரே வெளியிடுகின்றது. அக்குழு பிற்காலத்தில் தவறினும், இவ்வொன்றில் அறிவுடன் நடக்கின்றது. பத்திரிகைகளும் அதனைப் பின்பற்றலாம். 'ஆகஸ்டில் வரிசை இல்லையேல் விற்பனை குறையும்' என்பர். விற்பனையின் பொருட்டு ஒருவன் தலையில் எண்ணை ஒட்டிவிட்டு, அவ்வெண்ணைப் பார்த்தே அவனைத் தீர்ப்பது நீதியாகுமா?

கணிக்கும் அபிமானியர்க்கும் மூன்று சொல் சொல்லுவேன். இம்மூன்றும் எனக்கே முதற்கண் உரியன. கணிப்பை எழுதி வைக்க. எழுதாத கணிப்பு எப்போதும் பலித்துவிடும். காரணத்தையும் எழுதுக, காரணத்தில் 'எப்பொழுதும் இக்கோஷ்டி இப்படித்தான்' என்னும் சொல் வருமாயின் அதனை அடித்துவிடுக. ஆண்டிறுதியில் திறந்து பார்த்துப் பிழையை ஒப்புக்கொள்க. யான் என் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஆறாவது வரியின் அருகே, மையால், 'பெயரைக் கண்டேன். ஆளைக் காணவில்லை' என்று எழுதி வைத்திருக்கின்றேன். அடுத்த ஆகஸ்டில் இந்தியானாவை முதலிடத்தில் வைக்க என் கை துடிக்கும் என்பதும் அறிவேன். அதுவும் பெயரைக் காணும் பிழையே. வென்றோருட் பலர் வெளியேறி, புதியோர் வந்திருப்பர். வந்தோரைக் கண்டபின் எழுதுவேன்.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்க்கும் இறுதியாக ஒன்று. ஜூன் மாதத்தில் புதிய வகுப்பு நிறையும் போது, பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணும், வந்த ஊரும், பேசும் ஆங்கிலமும் கொண்டு நம் மனமும் ஒரு வரிசை எழுதிவிடுகின்றது. முன்வரிசையில் அமர்ந்தவன் கேள்வி கேட்டால் அறிவு என்கின்றோம். பின்வரிசையில் அமர்ந்தவன் அதே கேள்வியைக் கேட்டால் அறியாமை என்கின்றோம். நாம் எழுதிய வரிசையை எவரும் அச்சிடுவதில்லை. ஆயினும் அதனைப் பின்வரிசை மாணவன் நம் முகத்தில் வாசித்து விடுகின்றான். ஐந்து பந்தயமேனும் அவன் ஆடட்டும். அதுவரை நம் பேனா மூடியே இருக்கட்டும்.